பானட்டுக்குள் பல்லி

போன வாரம் எங்கள் ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் வாட்ஸப் குழுவில் ராசிபுரத்துக்காரர் ஒருவர் நாலு நொடி ஆடியோ ஒன்றைப் போட்டார். ‘டிக் டிக் டிக் டிக்.’ அவ்வளவுதான். சாவியைத் திருப்பினால் காரில் இந்தச் சத்தம் மட்டும்தான் வருகிறது, ஸ்டார்ட் ஆகவில்லை, என்ன செய்யலாம் என்று கீழே கேட்டிருந்தார். அரை மணி நேரத்தில் பதினான்கு பதில்கள். பதின்மூன்று பேர் ‘பேட்டரியை மாத்து’ என்று எழுதியிருந்தார்கள். பதினான்காவது ஆள் காலை வணக்கம் படம் அனுப்பியிருந்தார். பதினான்கில் அதுதான் உருப்படியான பதில் என்று எனக்குப் பட்டது.

எனக்கு வந்ததே கோபம். ஒருத்தராவது, வண்டி கடைசியாக எப்போது ஸ்டார்ட் ஆனது என்று கேட்டாரா? லைட் மங்குகிறதா என்று கேட்டாரா? ஒரு மண்ணும் இல்லை. நான் பதில் அடிக்க ஆரம்பித்தேன். கண்புரை ஆபரேஷன் செய்த கண், தடித்த விரல்; மூன்று முறை அழிந்துபோனது. “இதுக்கு நீங்க ஒரு கட்டுரையே எழுதிப் போடலாம்ப்பா” என்றாள் என் மகள். அவள் கிண்டலாகத்தான் சொன்னாள். நான் நோட்டை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன்.

முப்பத்தெட்டு வருடம் வயரோடு குடித்தனம் செய்தவன் நான். சங்ககிரியில் லாரிப் பட்டறையில் தொழில் பழகினேன். பிறகு நாமக்கல்லில் ஒரு கார் பட்டறையில் எலக்ட்ரிக்கல் வேலை. போன வருடம்தான் ஓய்வு. தொழில் பழகிய வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. கை சுட்டது, ஆசிட் பட்டு லுங்கி ஓட்டையானது, ஷாக் அடித்தது. ஒருவழியாகத் தொழில் வந்தது.

ஆனால் சங்ககிரிப் பட்டறை முதலாளி மாரப்பண்ணனைச் சொல்லாமல் போனால் எனக்குச் சோறு செரிக்காது. அவர் யாரையும் ‘ங்க’ போடாமல் பேச மாட்டார். லாரியைக்கூட. சரிவில் நிறுத்திய வண்டி மெல்ல உருண்டால், “செத்த நில்லுங்க சாமி” என்று சொல்லிக்கொண்டே போய்க் கட்டை போடுவார். அவருடைய பட்டறையில் ஒரு சட்டம் உண்டு. வண்டியைத் திறப்பதற்கு முன்னால் வண்டிக்காரரைத் திறக்க வேண்டும். ஸ்டூல் போட்டு, டீ சொல்லி, எதிரில் உட்கார்ந்து இரண்டே கேள்வி கேட்பார். “கடைசியா எப்ப ஸ்டார்ட் ஆச்சுங்க? அதுக்கப்பறம் யாரு கை வெச்சா?”

ஒருமுறை லோடு லாரி ஒன்று டிக் என்றது. நான் மாரப்பண்ணன் வருவதற்குள் கெட்டிக்காரத்தனமாக வேறு பேட்டரி மாட்டிப் பார்த்தேன். அதற்கும் டிக். வந்தவரிடம், “பேட்டரி போச்சுங்கண்ணா, நான் மாட்டினதும் போச்சாட்ட இருக்குது” என்றேன்.

“அப்படீங்களா? யாரு சொன்னா, பேட்டரியே சொல்லுச்சுங்களா?” என்றார்.

கோபமே இல்லாமல் கேட்டார். அதுதான் கொடுமை. பிறகு டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்து, யார் கை வைத்தார்கள் என்று கேட்டார். யாரும் இல்லை என்றார் டிரைவர். “நல்லா நெனச்சுப் பாருங்க, ஒண்ணும் அவசரமில்லை” என்றார் அண்ணன். டீ பாதி குறைந்தபோது டிரைவருக்கு ஞாபகம் வந்தது. முந்தின நாள் சேசிஸுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள். பெயின்டர் பேட்டரியிலிருந்து சேசிஸுக்குப் போகிற எர்த் வயரைக் கழற்றி, அந்த இடத்திலும் பளபளவென்று அடித்து, அதன் மேலேயே திருப்பி முடுக்கியிருக்கிறார். பெயின்ட் கரண்ட்டை விடாது. உப்புத்தாளால் நாலு தேய். வண்டி உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது.

அன்றைக்கு அண்ணன் சொன்னதுதான் இன்றைக்கும் என் பாடம். டிக் என்று சத்தம் வந்தால் கரண்ட் கொஞ்சம் வருகிறது, போதுமான அளவு வரவில்லை என்று அர்த்தம். ரிலே என்கிற சின்ன ஸ்விட்ச் இழுக்கிறது, கரண்ட் பற்றாமல் விட்டுவிடுகிறது. மறுபடி இழுக்கிறது, விட்டுவிடுகிறது. அந்த டிக் டிக் அதுதான். முதலில் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டுச் சாவியைத் திருப்பு. லைட் மங்காமல் அப்படியே எரிந்தால் கோளாறு ஸ்டார்ட்டர் பக்கம். லைட் செத்துவிட்டால் பேட்டரி, இல்லையென்றால் பேட்டரியிலிருந்து வரும் வழியில் எங்கேயோ ஒரு அடைப்பு. அந்த ‘எங்கேயோ’ எது என்று கண்டுபிடிக்காமல் பேட்டரியை மாற்றுகிறவன் எலக்ட்ரீசியன் இல்லை, சுமைதூக்குகிறவன்.

இவ்வளவு வாய் பேசுகிற நானே ஒரு காரிடம் இரண்டு முறை ஏமாந்திருக்கிறேன். அந்தக் கதைக்குத்தான் வருகிறேன்.

திருச்செங்கோடு ரோட்டில் கோழிப்பண்ணை வைத்திருந்தவர் நாச்சிமுத்து அய்யா. மனைவி காலமாகிப் பல வருடமாகிறது. ஒரே மகள் கௌசல்யா, கால்நடை டாக்டர், முப்பத்தொரு வயது. புருஷனை விட்டு வந்துவிட்ட தங்கை ராஜாமணியும் அதே வீட்டில்தான். ஆயிரக்கணக்கான கோழிகள் ஒரே நேரத்தில் கத்தினாலும் அசராத மனுஷன் அய்யா. ஆனால் சுவரில் ஒரு பல்லி வாயைத் திறந்தால் உட்கார்ந்துவிடுவார். எந்தத் திசையில் சொன்னது, எத்தனை தரம் சொன்னது என்று விசாரணை முடிந்த பிறகுதான் அடுத்த அடி.

முதல் முறை அவர் போன் செய்தது, மகளுக்குப் பரமத்தியில் ஒரு மாப்பிள்ளை வீடு பார்க்கக் கிளம்பிய காலையில். நான் போவதற்குள் பயணம் நின்றுவிட்டது. அய்யா கார் ஷெட்டில் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார்.

“ஏனுங் ரங்கசாமி, பானட்டுக்குள்ள பல்லி இருக்குதுங்க. புடிச்சுப் போடுங்க” என்றார்.

“பல்லியா?”

“சாவியைத் திருப்புனா நாலு தரம் சொல்லுச்சுங்க. வண்டி தெக்கப் பாத்து நிக்குது பாருங்க. தெக்கயிருந்து சொன்னா ஆகாதுங்க.”

நான் முறைப்படி கேட்டேன். யாராவது கை வைத்தீர்களா? “ரிப்பேர்னு ஒருத்தரும் கை வெக்கலீங்க” என்றார். பானட்டைத் திறந்து பார்த்தேன். பல்லியும் இல்லை, கோளாறும் இல்லை. சாவியைத் திருப்பினேன். தொட்ட மாத்திரத்தில் ஸ்டார்ட் ஆனது. பத்து முறை அணைத்துப் போட்டேன். பத்து முறையும் பிள்ளைப்பூச்சி மாதிரி கிளம்பியது. தலையைச் சொறிந்துகொண்டு வந்துவிட்டேன்.

ஏழெட்டு மாதம் கழித்து மறுபடியும் அதே கதை. வேறு மாப்பிள்ளை, அதே டிக் டிக், பயணம் ரத்து. நான் போனால் வண்டி சொன்ன பேச்சு கேட்கிறது. அன்று காருக்குள் இருந்த கடிகாரம் பன்னிரண்டு இருபது என்று காட்டியது. என் கைக்கடிகாரத்தில் மணி எட்டே முக்கால். பேட்டரி வயரைக் கழற்றி மாட்டினால்தான் அந்தக் கடிகாரம் பன்னிரண்டிலிருந்து மறுபடி ஓடும்; இது எனக்குத் தெரியும், என் தொழில். அந்த வீட்டில் யாரோ இருபது நிமிடத்துக்கு முன்னால் பேட்டரியில் கை வைத்திருக்கிறார்கள் என்று அது சத்தம் போட்டுச் சொல்லியது. நான் கடிகாரம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன்! சும்மா திரும்பிப் போக வெட்கமாக இருந்ததால், கோளாறு இதுவாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு, நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஸ்டார்ட்டர் மோட்டாரைக் கழற்றிவிட்டு வேறு மாட்டினேன். மாரப்பண்ணன் இருந்திருந்தால் எனக்கு டீ வாங்கிக் கொடுத்தே கொன்றிருப்பார்.

மூன்றாவது முறை ஒரு வெள்ளிக்கிழமை. காலை ஒன்பதரைக்குப் போன் செய்தது அய்யா இல்லை, கௌசல்யா.

“அண்ணா, கௌசல்யா பேசறனுங்க. வண்டி மறுபடி டிக் டிக்குங்குது. அப்பா எறங்கி நின்னுக்கிட்டாருங்க. இன்னிக்கு ஓமலூர்ல உப்புச் சக்கரை மாத்தோணும்.”

உப்புச் சர்க்கரை மாற்றுவது எங்கள் பக்கத்தில் நிச்சயம். அதோடு பேச்சு உறுதி. வேறு கார் பிடிக்கலாமே என்றேன்.

“கேட்டுட்டனுங்க. எங்கூட்டு வண்டியே வேண்டாம்னு சொல்லீருச்சு, அடுத்தவன் வண்டியில என்ன போறதுங்கறாரு. பத்தரைக்கு ராகு காலம். அதுக்கு முன்னால வாசல் தாண்டலைன்னா இன்னிக்கு இல்லை. இன்னிக்கு இல்லைன்னா எப்பவும் இல்லீங்கண்ணா. அவங்கூட்லயும் சகுனம் பாக்கறவங்கதான். சகுனத்துல நின்ன பொண்ணுன்னு சொல்லி முடிச்சுருவாங்க.” குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “மொத ரெண்டும் நின்னதுல எனக்கு வருத்தமே இல்லீங்க. இது அப்படியில்லை. எங்கூட ஒட்டுக்காப் படிச்சவரு. ரெண்டு வருஷமா நான் எங்கப்பாவையும் அவரு அவங்கப்பாவையும் கரைச்சு இங்க வரைக்கும் கொண்டாந்துருக்கறோம்.”

டாக்டர் பிள்ளையின் குரல் அந்தக் கடைசி வார்த்தையில் உடைந்தது. மூன்று முறையும் மாப்பிள்ளை வீட்டுக்குக் கிளம்பும்போதுதான் கார் டிக் என்கிறது. பண்ணைக்குத் தீவனம் வாங்கப் போகும்போது ஒரு நாளும் சொன்னதில்லை. கார் ஆள் பார்த்து மக்கர் செய்யாது. யாரோ கை வைக்கிறார்கள். கை வைக்கிறவர்கள் நான் போவதற்குள் எடுத்தும் விடுகிறார்கள்.

“சாமி, நான் வாரேன். அது வரைக்கும் பானட்டை ஒருத்தரும் தொறக்கக் கூடாது. உங்கப்பனே ஆனாலும்” என்று சொல்லிவிட்டு மொபெட்டை எடுத்தேன்.

பத்து மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். ஷெட்டில் நான் பார்த்த காட்சி சாகிற வரைக்கும் மறக்காது. இளம்பிள்ளையில் நெய்த பட்டுச் சேலை, தலை நிறைய மல்லிகை. டாக்டர் பானட்டின் மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். எதிரில் வெள்ளை வேட்டி சட்டையோடு அய்யா.

“எறங்கு அம்மிணி.”

“எறங்க மாட்டனுங்கப்பா.”

“அரை மணி நேரமா இதேதானுங்க” என்றார் தங்கை ராஜாமணி. உப்பும் சர்க்கரையும் வைத்த தட்டு அவர் கையில் இருந்தது. “அண்ணனுக்கு எப்படியும் பானட்டைத் தொறந்தாகோணுமாம். எதுக்குன்னு கேட்டா வாயத் தொறக்க மாட்டீங்கறாங்க.”

எனக்குப் பாதி விளங்கிவிட்டது. ஆனாலும் முறை முறைதான். டாக்டரை இறக்கி உள்ளே உட்காரவைத்து, ஹெட்லைட்டைப் போட்டுச் சாவியைத் திருப்பச் சொன்னேன். டிக் டிக் டிக் டிக். லைட் செத்துவிட்டது.

“கேட்டீங்களா? தெக்கதான்” என்றார் அய்யா.

பானட்டைத் தூக்கினேன். பிளஸ் பக்கம் மூடியின் இடுக்கில் மீட்டர் கம்பியை நுழைத்து, பேட்டரியின் இரண்டு கம்பங்களிலும் வைத்து, மறுபடி திருப்பச் சொன்னேன். பன்னிரண்டு வோல்ட்டுக்கு மேல் அசையாமல் நின்றது. பேட்டரி கல்லு மாதிரி இருக்கிறது. அப்படியென்றால் வழியில்தான் அடைப்பு. வயரின் மேல் கை வைத்துக்கொண்டே சிவப்பு மூடி போட்ட பிளஸ் பக்கம் வந்தேன். சூடாக இருந்தது. மூக்கைக் கிட்டே கொண்டு போனேன். மஞ்சள் தீய்கிற வாசம். தாளிக்கும்போது மஞ்சள்தூள் அடுப்பில் சிந்தினால் வருமே, அதே வாசம்.

மூடியைத் தொட்டேன்.

“அந்த மூடியைத் தொடாதீங்க ரங்கசாமி!” அய்யா கத்தியேவிட்டார்.

தொட்டுத் தூக்கிவிட்டேன். பேட்டரிக் கம்பத்தைச் சுற்றி மஞ்சள் தோய்த்த காப்புக் கயிறு, மூன்று சுற்று, நல்ல இறுக்கமாக. அதற்கு மேல் வயர் நுனிக் கிளாம்பை மாட்டி முடுக்கியிருந்தார் அய்யா. ஒரு பக்கம் கருகியிருந்தது. கம்பத்துக்கும் கிளாம்புக்கும் நடுவில் கயிறு. நூலிடுக்கில் கொஞ்சம் தொட்டுக்கொண்டிருந்ததால் லைட் எரிந்தது. ஸ்டார்ட்டர் கேட்கிற கரண்ட்டுக்கு அது எப்படிப் பற்றும்?

“அப்பா!” என்றாள் கௌசல்யா.

அய்யா கட்டிலில் உட்கார்ந்துவிட்டார். “கோயில்ல வெச்சுக் கும்பிட்ட காப்புங்க. நல்ல காரியத்துக்குப் போறப்ப கெட்டது எதுவும் அண்டக் கூடாதுன்னு கட்டறது. வண்டிக்கு உசுரு அங்கதானுங்களே இருக்குது? பயணம் நின்னு போச்சுன்னா ஒடனே அவுத்துப் போடோணும், சும்மா கட்டி வெக்கக் கூடாது. அதுக்குத்தான் தொறக்கச் சொன்னேன்.”

“ஏனுங்கய்யா, நான் ரெண்டு தடவை வந்தனே, யாரு கை வெச்சான்னு கேட்டனே!”

“நீங்க ரிப்பேரைத்தானுங்க கேட்டீங்க. இது சாமி காரியம்.”

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. பல்லிக்குப் பயந்து காப்புக் கட்டியிருக்கிறார். அந்தக் காப்புதான் பல்லியாகச் சொல்லியிருக்கிறது. அநியாயமாக ஒரு ஸ்டார்ட்டர் மோட்டார் போய்விட்டதே என்று ஒரு பக்கம் என் வயிறு எரிந்தது. மணி பத்து எட்டு.

“அவுத்துட்டாக் கிளம்பீருங்க” என்றேன்.

“காப்பை அவுத்துப்போட்டுட்டுக் காரியத்துக்குப் போறதாவது! அதுக்குப் போகாமயே இருக்கலாம்.” அவர் குரல் இறங்கிப்போனது. “உங்களுக்கு வெளையாட்டாத் தெரியுதுங்க. இவளை அனுப்பறப்பப் பல்லி சொல்லுச்சு.” தங்கையைக் காட்டினார். “நான் கேக்காம அனுப்பிச்சேன். ஆறு மாசத்துல கையில பையோட வந்து வாசல்ல நின்னா. அந்த வாசலைத் தாண்டறப்பவெல்லாம் எனக்கு அதுதானுங்க தெரியுது. எம் புள்ளையும் அப்படி வந்து நின்னுட்டா?”

ராஜாமணி தட்டைக் காரின் மேல் வைத்தார்.

“அண்ணா, நான் திரும்பி வந்தது எதுனாலன்னு இருபது வருஷமா ஒரு நாளாவது எங்கிட்டக் கேட்டீங்களா? அன்னிக்குச் சொன்ன பல்லியா தெனமும் குடிச்சுப்போட்டு வந்து என்னை அடிச்சுது?”

அய்யா வேட்டி நுனியைக் கையில் பிடித்து நெருடிக்கொண்டிருந்தார். நான் மீட்டரைத் துடைக்கிற மாதிரி திரும்பி நின்றுகொண்டேன். என் கண்ணும் சரியில்லை. அப்போதெல்லாம் புரைதான் காரணம் என்று சொல்லிக்கொள்வேன்.

மணி பத்து பதினாலு. மாரப்பண்ணனாக இருந்தால் டீ சொல்லியிருப்பார். எனக்கு நேரமில்லை.

“ஏனுங்கய்யா, காப்பை மனுஷனுக்கு எங்க கட்டுவீங்க?”

“கையில.”

“கழுத்துல சுத்தி இறுக்குவீங்களா?”

“அதெப்படீங்க? மூச்சு முட்டாது?”

“இது வண்டிக்குக் கழுத்துங்க. மூச்சு முட்டித்தான் மூணு தடவையும் டிக் டிக்குனு கத்தியிருக்குது. கை இந்தா இருக்குதுங்க.” கிளாம்பிலிருந்து இறங்கும் தடித்த சிவப்பு வயரைக் காட்டினேன். “அவுக்க வேண்டாம். எடம் மாத்திக் கட்டுங்க. உங்க கையால.”

அவர் வயரைப் பார்த்தார். கயிற்றைப் பார்த்தார். “கருகியிருக்குதுங்களே?”

“வந்த கண்ணையெல்லாம் அது வாங்கிக்கிச்சுங்க” என்றேன். எலக்ட்ரீசியன் வேலை முடிந்து பூசாரி வேலையும் என் தலையில் விழுந்தது. செய்யாமல் விட்டால் அந்தப் பிள்ளையின் நிச்சயம் நின்றுவிடும்.

எழுந்து வந்தார். நான் பத்தாம் நம்பர் ஸ்பேனரால் கிளாம்பைத் தளர்த்தினேன். அவர் கயிற்றைச் சுற்றிச் சுற்றி எடுத்து, கீழே விழாமல், வாய்க்குள் எதையோ சொல்லிக்கொண்டே வயரின் மேல் மூன்று சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். நான் கம்பத்தைத் தேய்த்து, கிளாம்பை முடுக்கி, மூடியைப் போட்டேன்.

“இனி அந்தச் சத்தம் வராதுங்களா?”

“வராதுங்க. அது ரிலே போட்ட சத்தம். வண்டி ஓட ஆரம்பிச்சுட்டா ரிலேவுக்கு அங்க வேலையே இல்லை. வாயே தொறக்காது.”

மணி பத்து இருபத்திரண்டு. கௌசல்யா ஓட்டுகிற சீட்டில், அய்யா பக்கத்தில், ராஜாமணி தட்டோடு பின்னால். சாவியைத் திருப்பினாள். ஒரே தொடல். எஞ்சின் பூப்போல ஓடியது. டாக்டர் கண்ணைத் துடைத்துக்கொண்டு கியரைப் போட்டாள்.

அப்போதுதான் அது கேட்டது. ஷெட்டின் தெற்குச் சுவரில், டியூப்லைட்டுக்குப் பக்கத்தில், கட்டை விரல் தடிமனில் நிஜமான பல்லி ஒன்று. தெளிவாக, நாலு தரம்.

கியரில் வைத்த கை அப்படியே நின்றது. ராஜாமணி தட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார். எனக்கு ஸ்பேனர் கையிலிருந்து நழுவியது. அய்யா சுவரை நிமிர்ந்து பார்த்தார். பார்த்தார் என்றால், பல்லியும் அவரும் நேருக்கு நேர். பிறகு மகளின் முகத்தைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்த மாதிரி இருந்தது. கடைசியில் கண்ணாடியை இறக்கி என் பக்கம் திரும்பினார்.

“ஏனுங் ரங்கசாமி, அது ரிலேதானுங்களே?”

“ரிலேதானுங்கய்யா” என்றேன்.

“அதான பாத்தேன். வெசயாப் போ அம்மிணி, ராகு காலம் வருது.”

முப்பத்தெட்டு வருடத்தில் தெரிந்தே நான் தப்பாகச் சொன்ன கோளாறு அது ஒன்றுதான்.